பிஸ்கட்டில் தேய்த்த மோதிரம்

அக்கா செத்துப்போன பதினாறாம் நாள் காரியத்தில்தான் அந்த மோதிரத்தின் பேச்சு வந்தது. அதுவரைக்கும் அது வெறும் மோதிரம். ஆஸ்பத்திரியில் நர்சம்மா அக்கா விரலிலிருந்து அதைக் கழற்றி, பஞ்சில் சுற்றி அம்மா கையில் கொடுத்தார். அம்மா இடுப்புச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு அப்படியே மறந்துபோனாள்.

காரியத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, பெரியம்மா அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெரியம்மா என்றால் அம்மாவின் கூடப் பிறந்த அக்கா. பக்கத்துத் தெருவில்தான் வீடு. அம்மா வேறு எதற்காகவோ சுருக்குப் பையை அவிழ்க்க, மோதிரம் கீழே விழுந்தது. பெரியம்மா எடுத்துப் பார்த்தாள். வெள்ளியில் கட்டிய நீலக் கல்.

"இது என்னா கல்லுடி?"

அம்மா, மாமாவைப் பார்த்தாள். மாமா அக்காவின் வீட்டுக்காரர். சேத்தியாத்தோப்பில் நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறார். அக்காவின் குழந்தை பாப்பா அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"நீலம்ங்க" என்றார் மாமா. "மாசி மகத்துக்கு கோயிலண்ட வடக்கத்தி ஆளுங்க கட போட்டிருந்தாங்க. அவதான் புடிச்சிருக்குதுன்னு கேட்டா. வாங்கிக் குடுத்தேன்."

"நீலமா?" பெரியம்மா மோதிரத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "மூணு நாளு தலகாணிக்கு அடியில வச்சிப் பாத்தீங்களா?"

"இல்லைங்களே."

"ஜோசியர் யாரையாச்சும் கேட்டீங்களா?"

"இல்லைங்க."

"இதோ என் கையில கெடக்குதே, இதுவும் நீலந்தான். ஏழரை நடக்குதுன்னு போட்டது. தலகாணிக்கு அடியில வச்சி என்ன கனா வருதுன்னு பாத்துட்டுத்தான் வெரல்ல ஏத்துனேன். யானைக்கு கரும்பு குடுக்குற மாதிரி கனா வந்துச்சு. சரி, ஒத்துக்கிச்சுன்னு போட்டேன். ஒத்துக்காதவங்க போட்டா நீலம் ஆளயே அடிச்சிடுமே, உங்க ஊர்ல இதெல்லாம் தெரியாதா?"

பெரியம்மா கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மனதில் வந்ததை அப்படியே பேசிவிடுகிற ஆள். ஆனால் அந்த வார்த்தை அம்மாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. டாக்டர் டெங்கு என்றுதான் சொன்னார். அது அம்மாவின் காதில் ஏறவே இல்லை. எங்கள் தெருவிலேயே எத்தனையோ பேருக்கு டெங்கு வந்தது, எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள், என் மகள் மட்டும் ஏன் போனாள் என்று தினமும் கேட்டுக்கொண்டே இருந்தாள். இப்போது பதில் கிடைத்துவிட்டது.

"எம் பொண்ணு வெரல்ல எமன மாட்டி வுட்டிருக்கீங்களே மாப்ள" என்றாள் அம்மா. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "இனிமே இந்த வூட்டு வாசப்படி மெதிக்காதீங்க."

மாமா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. 'அத்த, எனக்குத் தெரியாதுங்க' என்றாவது சொல்லியிருக்கலாம். பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவரும் நம்பிவிட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

அன்றிலிருந்து பாப்பா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அக்கா இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். பாப்பா என் சட்டைப் பையில் கையை விட்டுக் குடைந்துகொண்டே இருக்கும். பாப்பாவை மட்டும் கொண்டுவந்து விடச் சொல்லி அம்மா ஒருமுறை ஆள் மூலம் கேட்டுப் பார்த்தாள். மாமாவின் அம்மா, அப்பன் மிதிக்கக் கூடாத வாசலில் பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டார்கள். கேட்டது நியாயம்தான். அப்பா கேரளாவில் கொத்து வேலை பார்க்கிறார், காரியம் முடிந்ததும் கிளம்பிவிட்டார். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். என் போனில் இருக்கும் பாப்பாவின் படத்தை நான் குளிக்கப் போகும்போது அம்மா எடுத்துப் பார்ப்பாள். கதவுச் சத்தம் கேட்டால் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

மோதிரத்தை என்ன செய்வது என்பது இன்னொரு தொல்லை. வீட்டுக்குள் வைக்கக் கூடாது. யாருக்கும் கொடுக்கவும் கூடாது. ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும் என்று பெரியம்மா சொன்னாள். ஆனால் எங்கள் ஊர் மணிமுத்தாற்றில் அப்போது தண்ணீர் எங்கே இருந்தது? பையன்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மணலில் போட்டால் யாராவது பிள்ளை எடுத்து விரலில் மாட்டிக்கொள்ளும், அந்தப் பாவம் வேறு நமக்கு வேண்டாம் என்றாள் அம்மா. கடைசியில் பஞ்சில் சுற்றி ஒரு பவுடர் டப்பாவில் போட்டு மூடி, பாத்ரூமுக்கு வெளியே சுவரில் ஆணியடித்து மாட்டிவைத்தாள். ஆற்றில் தண்ணீர் வரும்வரை அது அங்கே தொங்கட்டும் என்று ஏற்பாடு. நான் ஒவ்வொரு நாளும் குளிக்கப் போகும்போது அதைத் தாண்டித்தான் போக வேண்டும். உடம்பை ஒதுக்கிக்கொண்டு போவேன். நானும் பயந்தேன், அதை மறைக்க என்ன இருக்கிறது.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். எங்கள் ஊரில் படிப்பு நின்றவர்களுக்கு பீங்கான் கம்பெனி இருக்கிறது. அம்மா பல வருடமாக ஒரு பொம்மைக் கம்பெனியில் இருக்கிறாள், காயாத பொம்மைகளின் ஓரங்களை ஈர ஸ்பாஞ்சு வைத்துத் துடைக்கிற வேலை. நான் வேறொரு சின்ன கம்பெனியில் கிளேஸ் தொட்டியில் சாமானை முக்கி எடுப்பவன். கிளேஸ் என்பது சூளைக்குப் போகும் முன்னே பீங்கானுக்கு மேல் பூசும் பூச்சு. நீல கிளேஸ் தொட்டியில் பார்த்தால் சாம்பல் மாதிரி இருக்கும். சூளையில் வெந்து வந்த பிறகுதான் நீலமாகும். சாம்பலைப் பார்த்தே எந்த நீலம் வரும் என்று நான் சொல்லிவிடுவேன். அதனால் எங்கள் மேடம், அவர்தான் கம்பெனிக்குச் சொந்தக்காரர், என்னை நகை மேசைக்கு மாற்றிவிட்டார்.

நகை மேசை புதிதாக ஆரம்பித்தது. வெள்ளைப் பீங்கான் மணிகளுக்கு நடுவில் நீலக் கல் மணிகள் வைத்துக் கோத்து, மேடம் போனிலேயே விற்பார். கல் ஜெய்ப்பூரிலிருந்து பார்சலில் வரும். முதல் பார்சல் வந்த அன்றைக்கு மேடம் அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார். லாபிஸ் லசூலி, அதுதான் அந்தக் கல்லின் பேர்.

மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண் மங்களூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். கர்நாடகா மங்களூர் இல்லை, திட்டக்குடி பக்கத்து மங்களூர். என்னைவிடப் பெரியவள், அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். ஆனால் அந்த வார்த்தை எனக்கு அப்போது வாயில் வரவில்லை. மங்களூரு என்றே கூப்பிட்டேன். அவளுக்குக் காரணம் தெரியும், கோபித்துக்கொள்ளவில்லை.

"லாபஸ் கூலியா?" என்று கேட்டாள் அவள், மேடம் அந்தப் பக்கம் போனதும். "சரியாத்தான் பேரு வச்சிருக்கான். லாபம் அவங்களுக்கு, கூலி நமக்கு."

நான் சிரித்துவிட்டேன். அக்கா போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். சிரித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது, தலையைக் குனிந்துகொண்டேன். "சிரிச்சா ஒண்ணும் ஆவாது, மணியக் கோத்துடுடா" என்றாள் அவள்.

முதலில் யாரும் எதையும் பார்க்கவில்லை. வந்த கல்லை வந்தபடி கோத்தோம். பிறகு ஒரு கஸ்டமர் படம் அனுப்பினார். மாலை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், வியர்வையில் வெள்ளை ஜாக்கெட்டின் கழுத்தெல்லாம் நீலம். மேடம் அந்தப் படத்தை எங்கள் முன்னால் வைத்தார். இனிமேல் ஒவ்வொரு மணியும் பார்த்துத்தான் கோக்க வேண்டும், பார்ப்பது நீ என்று என்னிடம் சொன்னார்.

"எப்படி மேடம் பாக்குறது?"

"எனக்கு மட்டும் தெரியுமா? பாத்துப் பாத்துதான் தெரிஞ்சிக்கணும்."

சூளைப் பக்கம் இருந்தவர்கள் என்னைப் பார்த்து, பாசிமணி கோக்கறதுக்கு ஊசி நூல் வேணுமா மாப்ள என்று ஓட்டினார்கள். வளையலும் போட்டுக்க என்றான் ஒருத்தன். மங்களூரு விடவில்லை. "உனக்குக் கண்ணு இருந்தா நீ வந்து பாரேன்டா. காலைல சூளையில ஜாடி மூடிய தலகீழா அடுக்குனவன்தான நீ?"

எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. நகச்சாயம் அழிக்கும் தண்ணீரைப் பஞ்சில் நனைத்துக் கல்லைத் துடைத்தால், சாயம் போட்ட கல்லாக இருந்தால் பஞ்சு நீலமாகிவிடும். அது எளிது. கண்ணாடிதான் ஏமாற்றும், அதில் சாயம் வராது. கண்ணாடி மணிக்குள் மினுமினுப்பு போட்டிருப்பார்கள், எல்லாப் புள்ளியும் ஒரே அளவில், ஜிகினா மாதிரி. கன்னத்தில் வைத்தால் கல்லின் குளிர்ச்சி நேரம் கழித்துத்தான் போகும். டியூப் லைட்டில் பார்க்கவே கூடாது, எல்லாமே நன்றாகத் தெரியும். காலையில் கதவோரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பிஸ்கட் விஷயம் தானாக நடந்தது. பிஸ்கட் என்றால் டீயில் முக்கித் தின்பது இல்லை. ஒரு தடவை சூளையில் வெந்து, கிளேஸ் பூசாமல் இருக்கிற வெள்ளைப் பீங்கானுக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். தொட்டால் சொரசொரவென்று இருக்கும். டீ நேரத்தில் ஒரு பிஸ்கட் துண்டின் மேல் உடைந்த மணி ஒன்றை வைத்து நான் சும்மா கிறுக்கிக்கொண்டிருந்தேன். வெளிர் நீலத்தில் கோடு விழுந்தது. இன்னொரு உடைந்த மணியை எடுத்துக் கிழித்தேன். அது சாக்பீஸ் மாதிரி வெள்ளையாகக் கிழித்தது. மேலே மட்டும் நீலம், உள்ளே வெறும் வெள்ளைக் கல். ஒவ்வொரு பார்சலிலும் சிலதை எடுத்து, ஓட்டை போட்ட ஓரத்தில் மட்டும் தேய்த்துப் பார்க்க ஆரம்பித்தேன். லாபிஸ் என்றால் நீலக் கோடு. வேறு எதுவாக இருந்தாலும் நீலக் கோடு வராது.

நல்ல கல்லா என்பது அதற்கு மேல் இருக்கிற கேள்வி. பஸ்ட்டு, செகண்டு, ரிஜெக்ட் என்று பீங்கானுக்கு நாங்கள் பிரிப்பது போலவே இதையும் பிரித்தேன். பஸ்ட்டில் நீலம் ஆழமாக இருக்கும், கொஞ்சம் கத்திரிப்பூப் பக்கம் சாயும், ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே நீலம். வெள்ளை நரம்பு ஓடினால் செகண்டு. வெள்ளை அதிகமாகி துவைத்த ஜீன்ஸ் மாதிரி தெரிந்தால், இல்லை பச்சை அடித்தால் ரிஜெக்ட். உள்ளே பொன் மாதிரி துகள் இருக்கும். அது தங்கம் இல்லை, ஏதோ இரும்பு சேர்ந்த தாது என்று மேடம் சொன்னார். அது அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூவின மாதிரி இருந்தால் அழகு. கட்டி கட்டியாக இருந்தால் அந்த இடத்தில் கல் உடையும். இன்னொன்று, இந்தக் கல் கெட்டி இல்லை. சோப்பும் வியர்வையும் பட்டுக்கொண்டே இருந்தால் பளபளப்பு போய் மேலே மங்கிவிடும். மோதிரத்தில் வைக்காதீர்கள், தோட்டில் வையுங்கள் என்று மேடத்திடம் நானே சொன்னேன்.

சொன்ன வாயோடு நின்றுவிட்டேன். மோதிரம் என்று சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது.

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தால் பாத்திரம் தேய்க்காமல் போக மாட்டாள். அம்மா வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டாள். அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் சோப்பு நுரையோடு கையை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"டேய், பாரேன். கல்லுக்குள்ள ரவ கொட்டிக் கெடக்குது. தாளிச்சி உப்புமா கிண்டிடலாம் போல."

அந்த ரவை. என் மேசை முழுக்க அந்த ரவைதான் இருந்தது.

"மேடம், நீலத்துல இந்த மாதிரி பொன்துகள் இருக்குமா?"

"எந்த நீலம்?"

"ஜோசியக்காரங்க போடச் சொல்வாங்களே. சனிக்கு."

"அது கண்ணாடி மாதிரிடா. வெளிச்சத்துல புடிச்சா உள்ள வெளிச்சம் பூந்து போவும். பீங்கானையே கீறிடும், அவ்ளோ கெட்டி. இதுல எங்க பூவுது? எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

மங்களூரு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் டீயை என் பக்கம் தள்ளினாள்.

அன்றைக்கே போய் டப்பாவைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. எனக்கு ஞாபகம் இருப்பது தப்பாக இருந்தால்? அக்கா காட்டியது வேறு ஏதோ மோதிரமாக இருந்தால்? தெரியாமல் இருக்கிறவரை, ஒருவேளை அது நீலம் இல்லையோ என்று நினைத்துக்கொண்டாவது இருக்கலாம். பிஸ்கட் துண்டு ஒன்றைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

மேற்கே நல்ல மழை. ஒரு சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டே சொன்னாள், "ஆத்துல தண்ணி வருதாம். காலைல போயி அத வுட்டுட்டு வந்துடறேன்."

அதற்கு மேல் தள்ள முடியாது. நான் எழுந்து போய் ஆணியிலிருந்து டப்பாவை எடுத்தேன்.

"தொடாதடா!" அம்மா ஈர முகத்தோடு ஓடிவந்தாள். "இருக்குறது நீ ஒருத்தன். உன்னையும் தூக்கிக் குடுக்கணுமா நானு?"

"அம்மா, இது நீலம் இல்லம்மா."

"யாருடா சொன்னா?"

"இன்னும் யாரும் சொல்லல. பாக்கணும்."

மூடியைத் திறந்தேன். பஞ்சைப் பிரித்தேன். வெளிச்சம் இன்னும் இருந்தது, வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். வேறு எதையும் பார்க்கும் முன்னே ரவையைப் பார்த்துவிட்டேன். ஒரு பக்கம் கட்டியாக, ஒரு பக்கம் தூவினாற்போல். ஓரத்தில் மெல்லிசாக ஒரு வெள்ளை நரம்பு. என் மேசைக்கு வந்திருந்தால் செகண்டு தட்டில் போட்டிருப்பேன். அந்தத் தட்டு என்னவோ அந்த நேரத்தில் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்து, மோதிரத்தைக் கவிழ்த்து ஓரத்தை அழுத்தி இழுத்தேன். வெளிர் நீலமாகக் கோடு விழுந்தது.

"நீலமாத்தானடா வருது?" என்றாள் அம்மா. "நீலம் இல்லன்ற?"

நீலம் என்றால் நிறம், நீலம் என்றால் கல். இரண்டுக்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு அம்மாவுக்கு நான் எப்படிச் சொல்வது? நீலம் கோடு போடாது, பிஸ்கட்டைக் கீறத்தான் செய்யும், இது லாபிஸ், எங்கள் மேசைக்கு வருகிற கல் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அம்மா என் கையிலிருந்த பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மோதிரத்தைப் பார்த்தாள். அத்தனை நாளும் அவள் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

"ஏன் மேல மங்கிக் கெடக்குது?"

"சோப்பு பட்டாலே இந்தக் கல்லு மங்கிடும். அக்கா பாத்திரம் தேச்சிக்கிட்டே இருப்பா இல்ல?"

அம்மாவின் உதடு கோணிக்கொண்டது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தச் சில்ல எடுத்துக்கிட்டு வா" என்று செருப்பை மாட்டினாள்.

பெரியம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் மோதரத்தக் கழட்டு" என்றாள் அம்மா.

"எதுக்குடி?"

"இதுல தேச்சிப் பாக்கணும்."

"என்னாடி வெளையாடுற? சனி பகவான் மோதரத்த ஓட்டாஞ்சில்லுல தேய்க்கணுமா?"

"ஓட்டாஞ்சில்லு இல்ல பெரியம்மா, பிஸ்கட்டு" என்றேன் நான்.

"ரொட்டியோ பிஸ்கட்டோ. கழட்ட மாட்டேன்."

கழற்ற மாட்டேன் என்றது பிடிவாதத்தில் இல்லை. கழற்ற வரவில்லை. விரல் பருத்து மோதிரம் உள்ளே அமுங்கிப்போயிருந்தது. அம்மா விளக்கெண்ணெய் போட்டுப் பார்த்தாள், சோப்பு போட்டுப் பார்த்தாள். "ஐயோ வெரலு, வெரலோட வந்துடப் போவுதுடி" என்று பெரியம்மா கத்தினாள். கடைசியில் கையோடு பிடித்து, கல்லைக் கவிழ்த்து பிஸ்கட்டின் மேல் அம்மாவே இழுத்தாள். கிறீச்சென்று சத்தம். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு, "சனீஸ்வரா, நானில்ல, இவதான்" என்றாள்.

பிஸ்கட்டில் கீறல் மட்டும் விழுந்திருந்தது. நிறம் இல்லை. கல்லைத் துடைத்துப் பார்த்தோம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

அம்மா அக்காவின் மோதிரத்தை எடுத்து அந்தக் கீறலுக்குப் பக்கத்திலேயே இழுத்தாள். நீலக் கோடு. மறுபடியும் இழுத்தாள். மறுபடியும். போதும்மா, கல்லு தேஞ்சிடும் என்று நான் கையைப் பிடிக்கும்வரை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

பெரியம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். வெங்காயத்தாலோ என்னவோ கண்ணெல்லாம் தண்ணீர்.

"அப்ப அது நீலமே இல்லையா?"

"இல்ல" என்றாள் அம்மா.

"நான்தான சொன்னேன் அன்னிக்கு. எல்லாரும் உக்காந்திருக்கும்போது சொன்னேனே."

"நீ சொன்ன. நான் அவர வெளிய போவச் சொன்னேன். யாரு சொன்னது பெருசு?"

வெளியே வரும்போது பெரியம்மா பின்னாலிருந்து, "அந்தக் கொழந்தைய தூக்கிட்டு வாங்கடி மொதல்ல" என்றாள்.

போனில் சொல்ல வேண்டாம், நேரில்தான் போக வேண்டும் என்றாள் அம்மா. காலையில் முதல் பஸ்ஸில் கிளம்பினோம். வழியெல்லாம் எனக்கு மூச்சு நன்றாக வந்தது. அக்கா போனதிலிருந்து நெஞ்சில் ஏதோ வைத்துக் கட்டின மாதிரியே இருந்திருக்கிறது, அவிழ்ந்த பிறகுதான் கட்டியிருந்ததே தெரிந்தது. சுவாமி வந்து சொல்லியிருந்தால்கூட இவ்வளவு தெம்பாக இருந்திருக்காது. அக்கா காய்ச்சல் வந்து செத்துப்போனாள். அவ்வளவுதான். யாரும் கொல்லவில்லை. அதை நினைத்து ஜன்னலோரம் நான் நிம்மதியாக அழுதேன்.

மாமா வீட்டு வாசலில் அறுப்பு மிஷின் நின்றுகொண்டிருந்தது. சக்கரத்தில் காய்ந்த சேறு. அவர் அதை எடுத்து நாளாகிறது என்று அவருடைய அம்மா சொன்னார்கள். எங்களைப் பார்த்ததும் மாமா கட்டிலிலிருந்து எழுந்து, சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டார். தாடி வளர்ந்து ஆளே மாறியிருந்தார்.

அம்மா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"மாப்ள, அது நீலம் இல்ல."

"இல்லைங்க அத்த, நீலந்தாங்க" என்றார் மாமா. அவருக்குத் தப்பிக்கிற எண்ணமே இல்லை. "கடக்காரன் என் கையில வச்சி நீலா, நீலான்னு நாலு தடவ சொன்னான். நான்தான் யோசிக்காம வாங்கிட்டேன்."

"தம்பி தேச்சிப் பாத்தான். நானும் தேச்சிப் பாத்தேன். என் அக்கா மோதரத்தயும் வச்சிப் பாத்தோம். இது வேற கல்லு மாப்ள."

மாமா என்னைப் பார்த்தார். நான் பிஸ்கட்டை எடுத்து அவர் கையில் கொடுத்து, எது எந்தக் கோடு என்று காட்டினேன். அவர் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். விரல் நுனியில் நீலத்தூள் ஒட்டிக்கொண்டது.

"அப்ப என்ன ஏமாத்திட்டானா அவன்?"

"ஏமாத்திட்டான் மாப்ள" என்றாள் அம்மா. குரல் உடைந்துவிட்டது. "நல்லா ஏமாத்திட்டான்."

"நீலம்னு சொல்லி வேற எதையோ வித்துட்டானா?"

"ஆமாங்கறேன்."

மாமா சிரித்தார். தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "எம்மா, என்ன ஏமாத்திட்டாம்மா" என்றார். ஏமாந்துபோனதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தார், பிறகு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. என் அம்மா அருகே போய் அவர் தலையில் கையை வைத்தாள். அவர்களுக்குள் அப்படித் தொட்டுப் பேசுகிற வழக்கம் கிடையாது. கையை எடுக்கவே இல்லை.

கடைக்காரன் ஏமாற்றவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் சூளையில் இருக்கிற பீகார்க்காரர்கள் நீல நிறத்தை நீலா என்றுதான் சொல்வார்கள். அந்த ஆள் நீலக் கல் என்று சொல்லி நீலக் கல்லைத்தான் விற்றிருக்கிறான். மாமா காதில்தான் அது நீலம் என்று விழுந்திருக்கிறது. வாயைத் திறந்து அதை அப்போது சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இதுவரை சொல்லவும் இல்லை. முகம் தெரியாத அந்த ஆள் எங்களுக்காக ஏமாற்றுக்காரனாக இருந்துவிட்டுப் போகட்டும்.

பாப்பா உள்ளே தூங்கி எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. என்னை மறந்திருக்கும் என்று பயந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு வந்து என் சட்டைப் பையில் கையை விட்டது.

மாமாவின் அம்மா காபி போட்டுக் கொடுத்தார்கள். அம்மா அவர்களிடம், "நான் பேசுனது தப்புங்க" என்றாள். அவர்கள், "புள்ளைய பறிகுடுத்தவ வேற எப்படிப் பேசுவ, காபிய குடி" என்றார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அம்மா மாமாவைப் பார்த்து, நீங்களும் வாங்க என்று சொல்லவில்லை. பாப்பாவின் துணியைப் பையில் அடுக்கிக்கொண்டே, "மாப்ளைக்கு ஒரு சட்டை எடுத்து வச்சிக்கடா" என்று என்னிடம் சொன்னாள். மாமா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

பஸ்ஸில் கூட்டம். எனக்கும் மாமாவுக்கும் உட்கார இடம் இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அம்மா முன்னால் ஜன்னலோரம் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஊர் நெருங்கும்போது தலையைத் திருப்பி, அத்தனை பேருக்கும் நடுவில் சத்தமாகக் கேட்டாள்.

"மாப்ள, ராத்திரிக்கு தோசை ஊத்தட்டுமா, சோறே போதுங்களா?"

"சோறே போதுங்க அத்த" என்றார் மாமா.